எடை சொல்லாத சேதி: நுண்துகள், செல், அதிகாரம்

காற்று மாசு பற்றிப் பேசுகிறபோதெல்லாம் நம் கையில் ஓர் எண் திணிக்கப்படுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் நுண்துகள். ஆண்டுச் சராசரி 40-க்குள் இருந்தால் இந்தியச் சட்டப்படி (2009) எல்லாம் சரி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதே அளவை 5 என்று குறைத்தது. டெல்லியில் குளிர்காலத்தில் இந்த எண் பல நூறாக ஏறும்போது தொலைக்காட்சிகள் அலறுகின்றன. மற்ற ஊர்களில், மற்ற மாதங்களில், ஒரு நிறத்தைப் பூசி 'மிதம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாமும் எதிர்ப்பைத் தெரிவிக்கும்போது அதே எண்ணைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். உங்க எண்ணு அதிகம், குறைங்க என்கிறோம்.

இந்த எண் எதை அளக்கிறது? எடையை. ஒரு வடிதாளில் காற்றை இழுத்து, ஒட்டியதைத் தராசில் வைத்தால் என்ன வருமோ அது. கருவி நவீனமாகியிருக்கலாம், தத்துவம் அதேதான். கடல் உப்பும் டீசல் கரியும் ஆர்செனிக் பூசிய நிலக்கரிச் சாம்பலும் அந்தத் தராசுக்கு ஒன்றுதான். ஆனால் நம் உடம்பின் செல்லுக்கு எடை தெரியாது. அது வேதியியலை மட்டுமே அறியும். என்ன கரைகிறது, எது எலக்ட்ரானைப் பிடுங்குகிறது, எது டி.என்.ஏ.யில் போய் ஒட்டுகிறது என்பதுதான் அதன் கணக்கு. அரசின் கணக்குக்கும் செல்லின் கணக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் யார் தப்பிக்கிறார்கள், யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சிறிசா இருப்பதன் பொருள்

2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான குறுக்களவுள்ளவை நுண்துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு தள்ளிவிடும். நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்ச் சேரும். அந்த அறைகளை விரித்துப் போட்டால் சுமார் எழுபது சதுர மீட்டர் பரப்பு வரும். அவற்றின் சுவர் மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரான்கூட இருக்காது. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று இந்த வாசலுக்கு வந்து போகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பத்து மைக்ரான் தூசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே எடைக்கு 0.1 மைக்ரான் துகள்கள் எத்தனை வேண்டும்? பத்து லட்சம். எடை அப்படியே இருக்கிறது, ஆனால் மொத்த மேற்பரப்பு நூறு மடங்காகிவிடுகிறது. நஞ்சு உட்காருவது மேற்பரப்பில்தான். ஆக, எடையைக் கொண்டு பார்த்தால் ஒரு தூசி. செல்லின் பக்கத்திலிருந்து பார்த்தால் பத்து லட்சம் தடவை கதவு தட்டப்படுகிறது.

எந்த நஞ்சு எந்தத் துகளில் ஏறுகிறது என்பதும் தற்செயலானதல்ல. அனல்மின் நிலைய உலையின் வெப்பத்தில் ஆர்செனிக், செலீனியம், ஈயம் போன்றவை ஆவியாகின்றன. புகை குளிரும்போது அவை சாம்பல் துகள்களின் மேல் திரும்பப் படிகின்றன. எங்கே மேற்பரப்பு அதிகமோ அங்கேதான் அதிகம் படியும். நாட்டஷ் குழுவினர் 1974-இல் இதைக் காட்டினார்கள்: சாம்பல் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவுக்கு அதில் நச்சு உலோகச் செறிவு கூடுகிறது. புகைபோக்கியில் இருக்கும் மின்நிலை வடிப்பான்களோ 0.1-க்கும் 1 மைக்ரானுக்கும் இடைப்பட்ட துகள்களிடம்தான் பலவீனமானவை. 'சாம்பலில் 99 விழுக்காட்டைப் பிடித்துவிட்டோம்' என்று ஆலைக்காரர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது எடைக் கணக்கு. தப்பிப் போன கொஞ்சத்தில் நஞ்சு கொஞ்சமாக இல்லை.

அதேபோல டீசல் புகையில் கரிக்கரு, அதன்மேல் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். கப்பலும் கொதிகலனும் எரிக்கும் கச்சா எரியெண்ணெயில் வனேடியம், நிக்கல். வண்டிகளின் பிரேக்கிலிருந்து செம்பு. ஒவ்வொரு துகளும் தான் பிறந்த இடத்தின் முகவரியைத் தன்மேல் எழுதிக்கொண்டுதான் வருகிறது. தராசு அந்த முகவரியைப் படிப்பதில்லை.

2. செல்லுக்குள் நடப்பது

காற்றறைக்குள் வந்த துகளை முதலில் சந்திப்பது மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கு செல். அன்னியப் பொருளை விழுங்கிச் செரிப்பது அதன் வேலை. பாக்டீரியாவைச் செரிக்கும், கரியையும் உலோகத்தையும் எப்படிச் செரிப்பது? முடியாமல் அது உதவிக்குச் சத்தம் போடுகிறது. அந்தச் சத்தம்தான் சைட்டோகைன்கள் எனப்படும் புரதச் சமிக்ஞைகள்.

துகளிலிருந்து கரைந்து வரும் இரும்பும் செம்பும் இன்னொரு வேலையைத் தொடங்குகின்றன. செல்லில் இயல்பாகவே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டு. இந்த உலோகங்கள் அதை உடைத்து ஹைட்ராக்சில் ராடிகலை உண்டாக்குகின்றன. உயிருள்ள திசுவில் அதைவிட வெறிகொண்ட மூலக்கூறு அரிது. பக்கத்தில் எது இருந்தாலும், கொழுப்போ புரதமோ டி.என்.ஏ.யோ, அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். கவனிக்க வேண்டியது, இங்கே உலோகம் வினையூக்கி. ஒரு சுற்று முடிந்ததும் தீர்ந்துபோவதில்லை. அடுத்த சுற்றுக்கு ஆளாக நிற்கும். எனவேதான் மைக்ரோகிராமில் 'அற்பம்' என்று ஒதுக்கப்படுகிற அளவு செல்லுக்கு அற்பமாக இருப்பதில்லை.

செல் சும்மா இருப்பதில்லை. குளூட்டாதயான் என்கிற தன் சேமிப்பைச் செலவழித்து ராடிகல்களை அணைக்கிறது. சேமிப்பு தீரத் தீர அழற்சிக்கான மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதாகி, அவையே மேலும் ராடிகல்களைக் கசியவிடுகின்றன. அழற்சிச் சமிக்ஞைகள் ரத்தத்தில் கலந்து, ரத்தம் உறையும் போக்கைக் கூட்டி, நாளங்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நுண்துகளால் நேரும் சாவுகளில் பெரும்பகுதி நுரையீரல் நோயாக இல்லாமல் மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். 'நெஞ்சு வலியில போயிட்டாரு' என்று நாம் சொல்லும் சாவில் புகைபோக்கிக்கும் பங்கு இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

பல்வளைய ஹைட்ரோகார்பன்களின் கதை இன்னும் சிக்கலானது. 1775-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவர்களாக வேலை பார்த்தவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். வேலையோடு புற்றுநோயைத் தொடர்புபடுத்திய தொடக்ககாலப் பதிவுகளில் அது முக்கியமானது. 140 ஆண்டுகள் கழித்து, 1915-இல், ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். 1933-இல் லண்டனில் கென்னவே குழுவினர் இரண்டு டன் தார்ப்பிசினைப் பிரித்துப் பிரித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள்: பென்சோபைரீன்.

ஆனால் பென்சோபைரீன் தன்னளவில் மந்தமான பொருள். டி.என்.ஏ.யை அது நேராகத் தொடுவதில்லை. செல்லுக்குள் வந்ததும் ஓர் ஏற்பிப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குப் போய், 'இதை அப்புறப்படுத்த என்ஸைம் தயார் பண்ணு' என்கிறது. என்ஸைம் வருகிறது. கொழுப்பில் கரையும் பொருளை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றுவது அதன் திட்டம். அந்த மாற்றத்தின் நடுவழியில்தான் டி.என்.ஏ.யின் குவானினோடு போய் ஒட்டிக்கொள்ளும் நச்சு உருவம் பிறக்கிறது. அதாவது உடம்பின் துப்புரவு ஏற்பாடே நஞ்சைச் செய்து முடிக்கிறது. புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றில் பி53 மரபணு எந்தெந்த இடங்களில் அதிகம் சேதப்பட்டிருக்கிறதோ, அதே இடங்களில்தான் இந்தப் பொருள் போய் ஒட்டுகிறது என்று 1996-இல் காட்டப்பட்டது. ஏறக்குறைய கைரேகை மாதிரி.

2023-இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்கு இன்னொரு முகத்தைத் தந்தது. வயது ஏற ஏற, புற்றுக்கு இட்டுச்செல்லக்கூடிய மரபணுப் பிழைகள் கொண்ட செல்கள் ஆரோக்கியமான நுரையீரலிலும் சேர்கின்றன. பெரும்பாலும் அவை உறங்கிக்கொண்டே இருந்துவிடும். நுண்துகள் வந்ததும் விழுங்கு செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சமிக்ஞையை விடுகின்றன. அது உறங்கும் செல்களை எழுப்பிவிடுகிறது. எலிகளில் அந்தச் சமிக்ஞையைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. புகையே பிடிக்காதவர்களுக்கு ஏன் நுரையீரல் புற்று வருகிறது என்ற பழைய கேள்விக்கு இங்கே ஒரு வழி திறந்திருக்கிறது.

மருத்துவக் கட்டுரைகள் இதையெல்லாம் போர்மொழியில் சொல்வது வழக்கம். எதிரி, படையெடுப்பு, காவல் வீரர்கள். அந்த மொழி இங்கே பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். சேதத்தைச் செய்வது பெருமளவுக்கு நம் செல்லின் அன்றாடப் பராமரிப்பு வேலைகள்தான். விழுங்குதல், துப்புரவு, அணைத்தல். போர்மொழிக்கு ஓர் அரசியல் பயனும் உண்டு. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள்' என்று பொறுப்பை உடம்பின் சொந்தக்காரர் தலையிலேயே கட்டிவிடலாம். கஷாயம் குடிங்க, மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, முடிஞ்சா சுத்திகரிப்பான் வாங்குங்க. ஆலை தன்பாட்டுக்கு ஓடும்.

3. ஷுவான்வெய் பெண்கள்

'எந்தப் பொருள் நஞ்சு என்று முதலில் முடிவாகட்டும், அப்புறம் நடவடிக்கை' என்று சிலர் சொல்லக்கூடும். கலவையைப் பற்றிப் பேசுகிற நம் வாதத்தையே அவர்கள் அதற்குப் பயன்படுத்துவார்கள். எனவே சீனாவின் யுன்னான் மாகாணத்து ஷுவான்வெய் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1970-களில் சீனாவில் சாவுக் காரணங்களைக் கணக்கெடுத்தபோது ஷுவான்வெய் பெண்களின் நுரையீரல் புற்றுச் சாவு விகிதம் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அந்தப் பெண்கள் கிட்டத்தட்ட யாரும் புகைபிடிப்பதில்லை. ஆண்களில் பெரும்பாலோர் பிடிப்பவர்கள். ஆனாலும் இருவரின் சாவு விகிதமும் ஏறக்குறைய சமம். பெண்கள் என்ன செய்தார்கள்? சமைத்தார்கள். வீட்டுக்குள் குழி வெட்டி, அந்த வட்டாரத்து 'புகை நிலக்கரியை' எரித்து, புகைபோக்கி இல்லாத அறையில் சமைத்தார்கள். அதே மாவட்டத்தில் விறகும் புகையற்ற நிலக்கரியும் எரித்த ஊர்களில் இந்தப் புற்று குறைவு. விறகிலும் புகை உண்டுதான். துகளின் எடையை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு விளங்கியிருக்காது. புகை நிலக்கரியின் துகள்களில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மிகுதி. அந்தப் பெண்களின் கட்டிகளில் கண்ட மரபணுச் சேதமும் அவற்றின் கைரேகையோடு ஒத்துப்போனது.

எந்த மூலக்கூறு முதன்மைக் குற்றவாளி என்ற விவாதம் பிறகும் நடந்தது. அந்த நிலக்கரியிலிருக்கும் நுண்குவார்ட்ஸுக்கும் பங்குண்டு என்று 2009-இல் ஒரு வாதம் வந்தது. ஆனால் அந்த விவாதம் முடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 1970-களிலிருந்தே வீடுகள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறத் தொடங்கின. 21,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளை 1976 முதல் 1992 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அடுப்பை மாற்றியவர்களிடம் நுரையீரல் புற்று ஆண்களில் 41 விழுக்காடும் பெண்களில் 46 விழுக்காடும் குறைந்திருந்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, கலவையைப் பார்த்தால்தான் மூலம் எது என்று தெரிகிறது. இரண்டு, மூலம் தெரிந்துவிட்டால் மூலக்கூறின் பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்தால் ஆய்வு முடிவதற்குள் ஆள் முடிந்துபோவார்.

4. எடையால் யாருக்கு லாபம்?

2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நகரங்களின் முன்னேற்றத்தை அளக்க நடைமுறையில் எடுத்துக்கொண்டது பி.எம்.10, அதாவது பத்து மைக்ரான் வரையிலான பெருந்தூசியையும் சேர்த்த எடை. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி திட்டப் பணத்தில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்கே போனது. தொழிற்சாலை மாசுக்கு ஒரு விழுக்காடுகூடப் போகவில்லை. இதில் சதி எதையும் தேட வேண்டாம். எடையை இலக்காக வைத்தால், எடை கூடிய பொருளைக் குறைப்பதுதான் சுலபம். மண் கனம், கரி லேசு. தண்ணீர் தெளி, இயந்திரத் துடைப்பம் வாங்கு, எண் இறங்கிவிடும். ரோட்டுத் தூசி நல்லது என்று நான் சொல்லவில்லை. அதைக் கையால் கூட்டுகிற துப்புரவுத் தொழிலாளியின் நுரையீரலைக் கேட்டால் தெரியும். அந்த நுரையீரலும் இந்த எண்ணில் இல்லை. கண்காணிப்பு நிலையம் ஊரின் சராசரியைச் சொல்லும். துடைப்பத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருக்கும் காற்றைச் சொல்லாது.

இன்னொரு உதாரணம், கந்தகம். அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடை வடிகட்டும் கருவி வைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு 2017. கெடு திரும்பத் திரும்ப நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுக்காற்றில் அந்த வாயு ஏற்கெனவே வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது வாதம்.

வாயு ஏன் வரம்புக்குள் இருக்கிறது? அது வாயுவாகவே இருந்துவிடுவதில்லை என்பதால். காற்றில் போகப் போக அது சல்பேட் துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, வேறொரு ஊரின் நுண்துகள் கணக்கில் முகவரியில்லாமல் சேர்கிறது. 'சல்பேட் தனியாகப் பெரிய நஞ்சல்ல' என்று அடுத்த வாதம் வரும். தனியாக என்ற சொல்தான் பிரச்சினை. 2017-இல் அட்லாண்டா நகரத் துகள்களை வைத்துச் செய்த ஆய்வு, சல்பேட் தரும் அமிலத்தன்மை துகளிலுள்ள இரும்பையும் செம்பையும் கரையும் நிலைக்குக் கொண்டுவருகிறது என்று காட்டியது. கரையாத இரும்பு செல்லுக்குள் அதிகம் செய்வதில்லை. கரைந்த இரும்புதான் மேலே சொன்ன ராடிகல் சுழற்சியை ஓட்டும். காற்றில் அம்மோனியா எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த விளைவு ஊருக்கு ஊர் மாறும். என்றாலும் 'சல்பேட் இத்தனை விழுக்காடு எடைதான்' என்று சொல்லி விலக்குத் தரும் தர்க்கம் எவ்வளவு பொக்கையானது என்பதற்கு இது போதும். கொள்ளைக்கூட்டத்தில் சாவி செய்கிறவனை, 'அவன் எதையும் தூக்கிட்டுப் போகலையே' என்று விட்டுவிடுகிற மாதிரி.

5. நிரூபணம் கேட்கும் உரிமை யாருக்கு?

1993 டிசம்பரில் அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு வெளிவந்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கழித்தபிறகும், மிக மாசுபட்ட நகரத்தில் சாவு விகிதம் மிகச் சுத்தமான நகரத்தைவிட 26 விழுக்காடு அதிகம். அதை அடிப்படையாகக் கொண்டு 1997-இல் அங்கே முதன்முறையாக நுண்துகளுக்கு வரம்பு வந்தது. உடனே தொழில்துறை மூலத் தரவைக் கேட்டது. தனி நபர்களின் மருத்துவ ரகசியம் அடங்கிய தரவு. வேறொரு நிறுவனம் தரவை முழுக்க மறு ஆய்வு செய்து 2000-இல் முடிவு சரிதான் என்றது. விவகாரம் அதோடு முடிந்ததா? 2018-இல் 'வெளிப்படைத்தன்மை' என்ற அழகான பெயரில் அதே கோரிக்கை அரசு விதியாக முன்மொழியப்பட்டு, 2021 ஜனவரியில் நிறைவேறி, அடுத்த மாதமே நீதிமன்றத்தில் விழுந்தது. வெளிப்படைத்தன்மை நாம் கேட்கும் சொல். அதை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் அவ்வளவு சிரமப்படவில்லை. மாசு ஆயுளைக் குறைப்பதாகக் காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் மக்களவையில் சொன்னார். சரியாக ஓராண்டுக்கு முன், 2018 டிசம்பரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வு 2017-இல் காற்று மாசால் 12.4 லட்சம் சாவுகள் என்று கணக்கிட்டிருந்தது. மாசு குறைந்திருந்தால் சராசரி ஆயுள் 1.7 ஆண்டு கூடியிருக்கும் என்றும் சொல்லியிருந்தது. அரசின் சொந்த நிறுவனமய்யா அது!

மக்களை மக்கள்தொகையாக, பிறப்பு இறப்பு விகிதங்களாக ஆளுகிற நவீன அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ விரிவாகப் பேசியிருக்கிறார். இங்கே அதன் விசித்திரமான வடிவம் ஒன்றைக் காண்கிறோம். பன்னிரண்டு லட்சம் பேர் சாகிறார்கள், ஆனால் ஒருவர்கூடச் சாகவில்லை. ஏனென்றால் எந்த இறப்புச் சான்றிதழிலும் காற்று என்று எழுதப்படுவதில்லை. இந்தச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தது லண்டனில் நடந்த ஒரு விசாரணை. போக்குவரத்து நெரிசலான சாலைக்கு அருகில் வாழ்ந்து, கடும் ஆஸ்துமாவால் 2013-இல் ஒன்பது வயதில் இறந்தாள் எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி. அவளுடைய தாய் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்தச் சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று பதிவுசெய்தார். புள்ளிவிவரம் அன்று ஒரு பெயரானது.

6. பெயர் சொல்லுதல்

நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2009-இன் தேசியக் காற்றுத் தர அளவுகோலில் பன்னிரண்டு மாசுகள் உண்டு. நிக்கல், ஆர்செனிக், ஈயம், ஏன், பென்சோபைரீனுக்கே வரம்பு உண்டு: ஒரு கன மீட்டருக்கு ஒரு நானோகிராம். ஆனால் 2014-இல் மக்களுக்காக என்று அறிவிக்கப்பட்ட காற்றுத் தரக் குறியீட்டில் எட்டுதான் இடம்பெற்றன. விடுபட்டவற்றில் ஆர்செனிக், நிக்கல், பென்சோபைரீன் மூன்றும் அடக்கம். தெருமுனைப் பலகையிலும் கைபேசியிலும் நமக்கு வருவது இந்தக் குறியீடு. நஞ்சுகளுக்குச் சட்டப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது, பலகையில் இல்லை.

எனவே கோரிக்கையை மாற்ற வேண்டியிருக்கிறது. 'எண்ணைக் குறை' என்பதோடு நிறுத்தாமல், 'எண்ணுக்குள்ளே என்ன இருக்குன்னு சொல்லு' என்று கேட்க வேண்டும். அனல்மின் நிலையத்தையோ சுத்திகரிப்பு ஆலையையோ ஒட்டிய ஒவ்வொரு குடியிருப்பிலும் வடிதாளை எடை போட்ட கையோடு அதைக் கரைத்துப் பார்த்து, உலோகங்களையும் ஹைட்ரோகார்பன்களையும் பெயர் பெயராக வெளியிடச் சொல்ல வேண்டும். வரம்பு ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதால் இது புதுச் சலுகை கேட்பதல்ல.

அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. கடலூர் சிப்காட் ஊர்மக்கள் 2004-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். எந்த நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, என்ன நாற்றம் என்று தாங்களே பதிவேடு வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு செய்த எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் பிடித்தது துகளல்ல, வாயு. ஆனால் 'ஏதோ நாத்தம்' என்று அதுவரை தட்டிக்கழிக்கப்பட்டது வேதிப்பெயர்களின் பட்டியலாகத் திரும்பி வந்தது. பெயர் வந்ததும் மூலத்தைத் தேட முடிந்தது, கேள்வி கேட்க முடிந்தது. துகளுக்கு வடிதாளும் சிறு பம்பும் ஒரு நல்ல ஆய்வகமும் வேண்டும். செலவு உண்டு, ஆனால் இயக்கங்களின் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 'காற்று மாசு' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகப்பட்டுப் பழக வேண்டும். எல்லோரும் அசுத்தம் செய்தோம், எல்லோரும் சுவாசிக்கிறோம் என்ற பொய்யான சமத்துவம் அதில் ஒளிந்திருக்கிறது. ஆர்செனிக் எல்லோர் வீட்டு அடுப்பிலிருந்தும் வருவதில்லை, எல்லோர் நுரையீரலுக்கும் ஒரே அளவில் போவதுமில்லை. எந்த உலை, எந்த உலோகம், யாருடைய நெஞ்சு என்று எழுத வேண்டும்.